மூன்று மாதம் மறைக்க வேண்டாம்

லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கரு தங்குதானு பார்ப்போம். மூனு மாசம் போகட்டும், பொறகு மிஸ்ஸிகிட்ட சொல்லுவோம்."

பயம் நியாயமானதே. உறுதியான கர்ப்பங்களில் 100இல் 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அநேகமாக, கரு உண்டாகும்போதே அதில் ஏற்படும் குறைதான் காரணம். மலை ஏறினதாலோ கண்பட்டதாலோ அல்ல. ஆகவே மாமியாரோ புருஷனோ அவளைக் குத்திப் பேசக்கூடாது.

ஆனால் சொல்லாமல் காத்திருக்கவும் கூடாது. தீட்டு தள்ளிப்போனதுமே மருத்துவமாதிடம் பதிந்து, போலிக் அமிலக் குளிசை எடுக்க வேண்டும். மருந்தடிக்கும் மலைக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, புகையிலை ஆகாது. இரத்தம் பட்டாலோ அடிவயிறு வலித்தாலோ, விடியட்டும் என்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொன்னால்தானே நாங்கள் துணைக்கு வர முடியும்?