சமபுயத் தராசின் உணர்திறனை அதிகரித்தல்

மாணவர்களே, 0.5 கிராம் மருந்துத்தூளை நிறுக்கும்போது 0.1 கிராம் வழு ஏற்பட்டால் அது 20% வழுவாகும். 50 கிராம் சீனியை நிறுக்கும்போது அதே வழு 0.2% மட்டுமே. எனவே சிறிய அளவு தூளை நிறுப்பதற்கு உணர்திறன் கூடிய தராசு தேவை. தராசொன்றை எவ்வாறு திருத்தியமைக்கலாம் என்பதைத் திருப்பங்களின் தத்துவத்தைக் கொண்டு நோக்குவோம்.

1. தத்துவம்

தராசுக்கோல் கிடையாகச் சமநிலையில் உள்ளபோது,
வலஞ்சுழித் திருப்பம் = இடஞ்சுழித் திருப்பம்

கோலின் புவியீர்ப்பு மையம் பொறுதிக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். ஒரு தட்டில் சிறிதளவு தூளைக் கூடுதலாக இட்டால் கோல் சரியும். அப்போது புவியீர்ப்பு மையம் மறுபக்கம் விலகி எதிர்த்திருப்பத்தைத் தரும். இரு திருப்பங்களும் சமனாகும் நிலையில் காட்டி ஓய்வடையும்.

2. உதாரணம்

புயத்தின் நீளம் 10 ச.மீ., கோலின் திணிவு 50 கிராம், காட்டியின் நீளம் 15 ச.மீ. புவியீர்ப்பு மையம் பொறுதிக்கு 0.1 ச.மீ. கீழே உள்ளது. ஒரு தட்டில் 0.01 கிராம் தூள் கூடுதலாக இடப்பட்டால் காட்டியின் நுனி எவ்வளவு விலகும்? (சரிவு மிகச் சிறியதெனக் கொள்க.)

புவியீர்ப்பு மையத்தின் விலகல் = (0.01 × 10) ÷ 50 = 0.002 ச.மீ.
இயல்பொத்த முக்கோணிகளின்படி,
காட்டி நுனியின் விலகல் = 0.002 × (15 ÷ 0.1) = 0.3 ச.மீ.

அதாவது 3 மி.மீ. இதனைக் கண்ணால் எளிதில் காணலாம்.

3. செய்யத்தக்க மாற்றங்கள்

• புயங்களை நீளமாகவும் கோலைப் பாரம் குறைந்ததாகவும் அமைத்தல்.
• காட்டியை நீட்டுதல்.
• கோலின் நடுவிலுள்ள சிறு திருகை உயர்த்திப் புவியீர்ப்பு மையத்தைப் பொறுதிக்கு அண்மையாக்குதல். அது பொறுதிக்கு மேலே சென்றால் கோல் கவிழும்.
• கத்தி ஓரத்தைத் துப்புரவாக வைத்து உராய்வைக் குறைத்தல்.
• அளவிடையின் பின்னால் கண்ணாடி ஒன்றை வைத்து இடமாறு தோற்ற வழுவைத் தவிர்த்தல்.

உணர்திறன் கூடும்போது தராசு மெதுவாகவும் நீண்ட நேரமும் அலையும். இதைத் தணிக்கக் கோலின் முனையில் செப்புத் தகடொன்றைப் பொருத்தி, காந்தங்களுக்கிடையே தொடாமல் அசையவிடலாம். தகடு அசையும்போது அதில் தூண்டப்படும் மின்னோட்டம் அசைவை எதிர்க்கும். தகடு ஓய்ந்ததும் அவ்விசை இல்லாமற் போகும். ஆகவே வாசிப்பு மாறாது.

4. உணர்திறன் மட்டும் போதுமா?

போதாது. இடப்புயம் 10.0 ச.மீ., வலப்புயம் 10.1 ச.மீ. எனின், இடத்தட்டிலுள்ள 5.05 கிராம் தூளை வலத்தட்டிலுள்ள 5.00 கிராம் படி சமப்படுத்தும். தராசு எவ்வளவு உணர்திறன் உடையதாயினும் இவ்வழு நீங்காது.

இதற்குப் பிரதியீட்டு முறை உதவும். தூளை இடத்தட்டில் இட்டு, வலத்தட்டில் மணலால் சமப்படுத்துக. பின்னர் தூளை அகற்றி, அதே இடத்தட்டில் படிகளை இட்டு மீண்டும் சமப்படுத்துக. தூளும் படிகளும் ஒரே புயத்தில் தொங்குவதால் புயங்களின் வேறுபாடு விடையைப் பாதிக்காது.

பரீட்சைக் குறிப்பு: சமபுயத் தராசினால் ஒப்பிடப்படுவது திணிவு. விற்றராசு அளப்பது நிறை. இவற்றை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

பயிற்சி

(1) மேற்படி உதாரணத்தில் புவியீர்ப்பு மையம் 0.2 ச.மீ. கீழே இருப்பின் காட்டியின் விலகல் யாது?
(2) கத்தி ஓரத்தின் உராய்வைக் கூட்டி அலைவைத் தணிப்பது ஏன் பொருத்தமற்றது?

விடைகள்

(1) 0.15 ச.மீ.
(2) உராய்வு காரணமாகக் கோல் சரியான சமநிலையை அடையுமுன்னரே நின்றுவிடலாம், வாசிப்புப் பிழைக்கும்.