கணக்கு நோட்டைக் கடைசிக்குத் தள்ளாதே

அன்புள்ள தம்பிக்கு,

இணையவழிப் பைத்தான் மாநாட்டுக்காக நீ எழுதி வைத்திருக்கும் உரைத் திட்டத்தையும், அதோடு அனுப்பிய நிரலையும் படித்து முடித்தேன். உரையை எப்படிப் பிரிப்பது, நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பேச்சாளர் அறிமுகத்தில் ஊர் என்ற இடத்தில் பெங்களூரு என்று போட்டிருக்கிறாய். கம்பெனி அங்கே இருக்கிறது, சரி. நீ இருப்பது வெண்ணந்தூரில், தறிக்கூடத்துக்கு மேல்மாடியில். உன் உரையின் தலைப்பும் விசைத்தறிக் கூலிக் கணக்கைப் பற்றியது. ஆனால் உள்ளே போனால் பெரும்பகுதி ஐரிஸ் பூத் தரவு! 1936இல் ரொனால்ட் ஃபிஷர் தன் கட்டுரையில் பயன்படுத்திய அதே 150 பூக்கள், மூன்று இனம், இனத்துக்கு 50. அவற்றில் இரண்டு இனங்களை எட்கர் ஆண்டர்சன் கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் பறித்து அளந்தார். சைக்கிட்-லேர்ன் நூலகத்தை நிறுவினாலே அந்தத் தரவும் கூடவே வந்துவிடும். அதைப் பார்த்திராத ஒருவர்கூட உன் உரைக்கு வரப்போவதில்லை. உன் தாத்தாவின் தறிக்கணக்கு நோட்டையோ உன் வீட்டுக்கு வெளியே ஒருவரும் பார்த்ததில்லை. அதைக் கடைசி ஸ்லைடில் 'இனிச் செய்ய வேண்டியவை' என்று ஒற்றை வரியில் தள்ளியிருக்கிறாய்.

ஊரை ஒளிப்பது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. நம் நாட்டுப் பைத்தான் மாநாடான பைகான் இந்தியா முதன்முதலில் 2009 செப்டம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. சேலம், ராசிபுரம் பக்கத்து ஆளுக்கு அது லீவு, பஸ், தங்க இடம், செலவு எல்லாம் சேர்ந்த விஷயம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு அப்போது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடியில் கூடும். ராத்திரி சேலத்தில் ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, கூட்டம் தொடங்கும் மத்தியானம் வரை பொழுதைப் போக்குவோம். கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போது திரும்பிப் போகிற வண்டி நேரம் நினைவுக்கு வரும். கூட்டம் முடிந்து வெளியே மரத்தடியில் நின்று பேசுவார்களே, அங்கேதான் சரக்கு இருக்கும். எங்களைப் போன்றவர்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுவோம். 2019இல் பைகான் இந்தியா நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கே வந்தது. அப்போதும் தறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை நாலு நாள் ஊரை விட்டுப் போவது லேசில்லை.

2020இல் நோய்த்தொற்று வந்தது. பிட்ஸ்பர்க்கில் நடக்கவிருந்த அமெரிக்கப் பைகான் இணையத்துக்கு மாறியது. நம்முடையதும் அந்த அக்டோபரில் இணையத்திலேயே நடந்தது. வருத்தத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனாலும் வெண்ணந்தூரில் இருந்துகொண்டே பேசலாம் என்ற நிலை அன்றைக்குத்தான் வந்தது. ஊரை விட்டு நகராமல் பேசும் வசதியை வைத்துக்கொண்டு, ஊரையே உரையிலிருந்து எடுத்துவிட்டாயே தம்பி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கென்னத் கொன்சால்வெஸ் ஊட்டியில் இருந்தவர். இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கத்துக்கு முதல் தலைவர். 2012இல் அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் பைகான் இந்தியாவில் விருது கொடுக்கிறார்கள். அவரை யாரும் பெங்களூர்க்காரர் என்று சொன்னதில்லை. அறிமுகத்தில் ஊர்ப்பெயரை மாற்று.

அடுத்தது இதைவிட மோசம். நோட்டிலிருந்து தட்டச்சு செய்த பக்கங்களை நீ 'சுத்தம்' செய்திருக்கிறாய். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடும் டபிள்யூவும் போட்டு, அதில் சிக்காததையெல்லாம் அழித்திருக்கிறாய். பைத்தானோடு வரும் அந்தக் கருவிக்குத் தமிழின் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் எழுத்துக் கணக்கிலேயே சேராது. வெண்ணந்தூர் என்று கொடுத்துப் பார். வ, ண, ணந, த, ர என்று ஐந்து துண்டாகத் திரும்பி வரும். இஸ்ஆல்ஃபா என்று கேட்டால் இது எழுத்தே இல்லை என்னும். நாம் ஆறு எழுத்தாகப் படிக்கிற பெயருக்கு லென் 11 என்று சொல்லும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது, கெட்-லெட்டர்ஸ் என்று அழைத்தால் ஆறு எழுத்தையும் சரியாகப் பிரித்துக் கொடுக்கும். உனக்கு அது தெரியும். போன வருஷம் நீதான் எனக்கு அதில் ஒரு பிழையைக் காட்டினாய். பிறகு ஏன் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாற்றி உட்கார்ந்திருக்கிறாய்? நோட்டில் உள்ள முருகேசன் மூன்று விதமாக ஆகியிருக்கிறார். மூன்று விதத்தையும் ஒன்றாக்க இன்னொரு நாற்பது வரி நிரல் எழுதியிருக்கிறாய்.

நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தா மேற்படிக்கு ௸ போட்டிருக்கிறார், ரூபாய்க்கு ௹ போட்டிருக்கிறார். அந்தக் குறிகள் 2003இல் வந்த யூனிகோடு 4.0 முதலே எழுத்துப் பட்டியலில் இருக்கின்றன. வரவுக்கும் பற்றுக்கும்கூடத் தனிக்குறி உண்டு. நீயும் தட்டச்சு செய்யும்போது சரியாகவே போட்டிருக்கிறாய். உன் சுத்தம்தான் அவற்றைத் துடைத்துவிட்டது. ௸ போன இடத்தில் பெயர் காலி. அடுத்த படியில், பெயர் காலியாக இருக்கும் வரிகளையெல்லாம் நீக்கியிருக்கிறாய். முதலில் பெயர் எழுதி, கீழே நாலு வரி மேற்படி போட்ட நெசவாளிக்கு உன் அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் மிச்சம். அதன்பின் 'மூலத் தரவில் விடுபடல்கள் அதிகம்' என்று எழுதியிருக்கிறாய். நோட்டில் விடுபடலே இல்லை. ஒவ்வொரு பாவும், மீட்டரும், முன்பணக் கழிவும் அங்கே இருக்கின்றன. ௸ வந்தால் மேல்வரியின் பெயரை இறக்கு, பாண்டாஸில் அதற்கு ஒரு வரி போதும்.

இனி அந்தக் கூலிக் கணக்கு வருகிற பகுதி. தம்பி, அதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். காசை மிதவைப் புள்ளி எண்ணில் வைக்காமல் டெசிமலில் வைத்திருக்கிறாய், அதையும் சரத்திலிருந்து உருவாக்கியிருக்கிறாய். 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்று எல்லாருக்கும் பாடமாகத் தெரியும், சம்பளக் கணக்கு எழுதும்போது மறந்துவிடுவார்கள். பைத்தானின் ரவுண்டு 2.5ஐ 2 என்று ஆக்கும், சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாயும் என்பதைக் கவனித்து, அரை வந்தால் மேலே ஏற்று என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாய். அதோடு நிற்கவில்லை. வரிக்கு வரி பைசாவை முழுமையாக்கினால் தாத்தாவின் வாரக் கூட்டலோடு ஒத்துப்போகாது என்று கண்டுபிடித்து, சனிக்கிழமை கூட்டுத்தொகையில் மட்டும் ஒருமுறை செய்கிறாய். ஏன் என்றும் நிரலுக்குள் குறிப்பு எழுதியிருக்கிறாய்: கூலி எப்படிப் பட்டுவாடா ஆனதோ அப்படித்தான் கணக்கும் இருக்க வேண்டும் என்று. பெரிய கம்பெனிகளின் சம்பள நிரல்களை இத்தனை வருஷமாகப் படித்துவருகிறேன், இவ்வளவு நேர்மையான பன்னிரண்டு வரிகளை நான் பார்த்ததில்லை. இதைக் காட்டினால் மாநாட்டில் பாதிப்பேர் தங்கள் நிரலைத் திறந்து பார்ப்பார்கள். இதை நீ ஐரிஸ் பூவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய்.

பதிவு செய்த காணொளியாக அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய், கீழே தறி ஓடும் சத்தம் கேட்கும் என்று. வேண்டாம். நேரடியாகப் பேசு. சத்தம் கேட்கட்டும், எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்குத் தானாகவே புரியும். கரண்டுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள், போனில் இணையம் தயாராக இருக்கட்டும். உரை முடிந்ததும் விடைபெற்றுப் போய்விடாதே. மரத்தடி இல்லாத மாநாடு அது, நீ உட்கார்ந்திருந்தால்தான் உன்னிடம் யாராவது வருவார்கள். குஜராத்தி கணக்கு நோட்டு வைத்திருக்கும் சூரத்துக்காரர் ஒருவர் வரலாம், அல்லது மலையாளப் பேரேட்டோடு போராடும் பெண் ஒருத்தி வரலாம். அவர்களுடைய எழுத்திலும் குறிகள் இதே மாதிரி உதிர்ந்துபோகும். அவர்களோடு பேசி முடித்த பிறகு மடிக்கணினியை மூடு.

திங்கட்கிழமைக்குள் திட்டத்தை அனுப்ப வேண்டும் என்றாய். ஞாயிறு தறி நிற்கும், தாத்தாவுக்கும் பேசப் பொழுது இருக்கும். நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கேட்டு எழுதிக்கொள்: அவர் ௸ போட்டது பெயருக்கு மட்டுமா, பாவு எண்ணுக்கும் கூலி விகிதத்துக்கும் சேர்த்தா? நாலாம் பக்கத்தில் இரண்டு விதமாகவும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பதில் தெரிந்ததும் திட்டத்தின் முதல் பத்தியை மாற்றி எழுதி ராத்திரிக்குள் எனக்கு அனுப்பு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்