ஆவர்த்தன அட்டவணையும் பசளை மூடையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
அலகு: சடப்பொருளின் கட்டமைப்பு



முதல் 20 மூலகங்களின் அணுவெண், இலத்திரன் நிலையமைப்பு ஆகியன பரீட்சைக்கு இன்றியமையாதவை. இவற்றை வெறுமனே மனனஞ் செய்யாது, பசறைத் தேயிலை மலைகளுக்கு இடப்படும் பசளைகளோடு தொடர்புபடுத்திக் கற்றால் மறக்கமாட்டீர்கள்.

1. பொற்றாசியம்: அணுவும் அயனும்

மியூரியேட் ஒப் பொட்டாஷ் எனப்படுவது பொற்றாசியம் குளோரைட்டு ஆகும்.

பொற்றாசியம்: அணுவெண் 19, நிலையமைப்பு 2, 8, 8, 1, 4ஆம் ஆவர்த்தனம், 1ஆம் கூட்டம்.
குளோரீன்: அணுவெண் 17, நிலையமைப்பு 2, 8, 7, 3ஆம் ஆவர்த்தனம், 7ஆம் கூட்டம்.

பொற்றாசிய உலோகத் துண்டொன்றை நீரிலிட்டால் தீப்பற்றும். ஆனால் பசளையோ மழை நீரில் அமைதியாகக் கரைகிறது. காரணம் யாது? உலோகம் தன் இறுதி ஓட்டிலுள்ள ஓர் இலத்திரனை இலகுவில் இழக்கக்கூடியது. பசளையில் அவ்விலத்திரன் ஏற்கனவே குளோரீனுக்கு வழங்கப்பட்டுவிட்டது. எனவே அங்கிருப்பது 2, 8, 8 எனும் உறுதியான நிலையமைப்புடைய நேர் அயன். புரோத்தன்கள் 19 மாறாமையால் மூலகம் மாறவில்லை.

2. மகனீசியமும் கல்சியமும்

மகனீசியம் (12): 2, 8, 2
கல்சியம் (20): 2, 8, 8, 2

இறுதி ஓட்டில் 2 இலத்திரன்கள் இருப்பதால் இரண்டும் 2ஆம் கூட்டத்தைச் சேர்ந்தவை, வலுவளவு 2. டொலமைட் இவ்விரண்டினதும் காபனேற்று ஆகும். தேயிலைக்கு உகந்த மண்ணின் பிஎச் பெறுமானம் 4.5 – 5.5. அமிலத்தன்மை அதனிலும் கூடினால், கவ்வாத்துக் காலத்தையொட்டி டொலமைட் இடுவர். காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்கும். மகனீசியம் பச்சைய மூலக்கூறின் மையத்தில் அமைவது. அது குறைந்தால் முதிர்ந்த இலைகளின் நரம்புகளுக்கிடையே மஞ்சள் நிறம் தோன்றும்.

3. யூரியா: கணிப்பு

(சார் அணுத்திணிவு: ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16)

யூரியா மூலக்கூறொன்றில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4 அணுக்கள் உள.
சார் மூலக்கூற்றுத் திணிவு = 12 + 16 + 28 + 4 = 60
நைதரசன் வீதம் = 28/60 × 100 = 46.7%

அதாவது 50 கிலோகிராம் மூடையில் ஏறத்தாழ 23 கிலோகிராம் நைதரசன் உண்டு.

வளியில் 78% நைதரசன் இருந்தும் யூரியா எதற்கு? நைதரசன் மூலக்கூறின் இரு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிணைந்துள்ளன. தேயிலைச் செடியால் அதனைப் பிரிக்க இயலாது. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது. பசளைத் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

மாதிரி வினா

அணுவெண் 12 உடைய மூலகம் குளோரீனுடன் உருவாக்கும் சேர்வையில் அயன்களின் விகிதம் யாது? காரணந் தருக.

விடை: 1 : 2. மகனீசியம் 2 இலத்திரன்களை இழக்கும். ஒரு குளோரீன் அணு ஓர் இலத்திரனையே ஏற்கும்.

கவனிக்க: இங்கு இலத்திரன்கள் "பங்கிடப்படுகின்றன" என எழுதினால் புள்ளி கிடைக்காது. அயன் பிணைப்பில் இலத்திரன்கள் இடமாற்றப்படுகின்றன என்றே எழுதுக.