கோடு வந்ததும் சென்சாரை மாற்றாதே

அன்புள்ள தம்பி,

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத வண்டி, மீட்டரில் செக் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது, ஸ்கேனரில் பி0122 என்று வருகிறது, த்ராட்டில் சென்சாரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்றாதே. இப்போதைக்கு அந்த வண்டியில் எதையும் மாற்றாதே.

பி0122 சொல்வது இவ்வளவுதான்: த்ராட்டில் சென்சாரிலிருந்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவுக்கு வரவேண்டிய வோல்ட் குறைவாக வந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று அது சொல்லவில்லை. அந்த சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவதில் சிக்னல் ஈசியூவுக்குப் போகும். ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது சிக்னல் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். முழுக்கத் திருகினால் நான்கு வோல்ட் பக்கம் ஏறும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்பின் ஆகலாம். 5 வோல்ட் வயர் அறுந்தாலும் சிக்னல் குறையும். சிக்னல் வயர் தோல் உரிந்து சேஸில் பட்டாலும் குறையும். கப்ளரில் ஒரு பின் உள்வாங்கியிருந்தாலும் குறையலாம். சென்சாரே கெட்டிருந்தாலும் குறையும். எல்லாவற்றுக்கும் அதே கோடுதான். பல வண்டிகளில் இந்த சென்சார் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தவணையில் அந்த வண்டியை எடுத்த பையன் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போய், மறுநாள் அதே விளக்கோடு வந்து நின்றால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பாய்?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. 100 சிசி வண்டியிலும் இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சார், ஈசியூ எல்லாம் வந்துவிட்டன. நம் பட்டறைகளில் பலருக்கு இன்னும் அந்த ஈசியூ பெட்டியைக் கண்டால் பயம். பயப்பட ஒன்றுமில்லை. ஈசியூ கெட்டுப்போவது அபூர்வம். அதற்குப் போகும் வயரும் கப்ளரும் பழுதாவதுதான் அடிக்கடி நடப்பது, புது வண்டியில் இன்னும் அதிகம்.

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் பேசு. சாவி போட்டதும் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுகிறதா? அப்படியானால் அது விளக்கு தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, கோளாறு இல்லை. அவர் காட்டுவது ஏபிஎஸ் விளக்காகக்கூட இருக்கலாம். அது வண்டி நகர்ந்த பிறகுதான் அணையும். நிஜமாகவே செக் இன்ஜின் என்றால், எப்போது வந்தது என்று கேள். மழையிலா, வாட்டர் வாஷ் விட்ட மறுநாளா, ஹேண்டிலை ஒடிக்கும்போதா, ஸ்பீடு பிரேக்கரில் குதித்தபோதா? கடைசியாக, வண்டி எடுத்த பிறகு என்னென்ன மாட்டினார் என்று கேள். ஃபாக் லைட், அலாரம், மொபைல் சார்ஜர், வேறு சைலன்சர். இதைப் பல பேர் தாமாகச் சொல்லமாட்டார்கள். சீட்டைக் கழற்றிப் பார், கறுப்பு டேப் சுற்றிய இடம் கண்ணில் படும்.

ஸ்கேனர் காட்டும் கோடை முதலில் தாளில் எழுதிக்கொள், அதற்குள் அழித்துவிடாதே. ஒன்றுக்கு மேல் கோடு இருந்தால் எல்லாவற்றையும் எழுது. இரண்டு மூன்று சென்சாருக்குச் சேர்ந்தாற்போல் கோடு வந்தால், அவை எல்லாம் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் வயரையோ எர்த்தையோ தேடு.

பிறகு கப்ளர். சாவியை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதே. லாக்கை அமுக்கி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழு. டார்ச் அடித்துப் பின்களைப் பார். எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா? ஒன்று மட்டும் உள்ளே போயிருக்கிறதா? பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, ரப்பர் சீல் மடங்கியிருக்கிறதா? ஒவ்வொரு வயரையும் விரல் நுனியால் மெல்ல இழுத்துப் பார். கிரிம்ப் விட்டுப்போன வயர் கையோடு வரும். திரும்ப மாட்டும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். சாவி போட்டு மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா பார். வராவிட்டால் புது சென்சார் போட்டு என்ன பயன்? வந்தால், ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகு. எண் படிப்படியாக ஏறவேண்டும். நடுவில் ஒரு தடவை சுழிக்கு விழுந்து எழுந்தால் விட்டுவிடாதே. அப்படியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹார்னஸை ஆட்டிப் பார். இறுக்கிக் கட்டிய டை ஒன்று ஹேண்டில் பக்கம் வயரை நெரித்துக்கொண்டிருக்கலாம்.

ஈசியூ வயரில் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் வைக்காதே, அது இழுக்கும் கரண்ட்டை ஈசியூ தாங்காது. ஊசியால் வயரைக் குத்தியும் பார்க்காதே. குத்திய ஓட்டையில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும்.

பேட்டரியை அளக்க மறக்காதே. ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள். ஷோரூமில் நாள்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி சோர்ந்திருப்பது சாதாரணம். வோல்ட் குறைந்தால் வரும் கோடுகள் எந்த சென்சாரையும் குற்றவாளி ஆக்கிவிடும். ஆக்ஸிஜன் சென்சாரும் அப்படித்தான் பழி சுமக்கிறது. சைலன்சர் மாற்றியவர் கேஸ்கட் போடாமல் விட்டிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், சென்சார் அதைக் கண்டு உள்ளதை உள்ளபடி சொல்லும்.

அந்த வண்டிக்கு வாரண்டி இருக்கிறது. கப்ளர், எர்த், பேட்டரி வரைக்கும் நீ பார்க்கலாம். வயரை வெட்டவோ ஒட்டவோ செய்யாதே. வெட்டியதைக் காட்டி ஷோரூமில் கைவிரித்துவிட்டால் நஷ்டம் அந்தப் பையனுக்கு. கோளாறு கையில் சிக்கினால் சரிசெய்து, கோடை அழித்து, அவன் சொன்ன அதே நிலைமையில் ஓட்டிப் பார். ஸ்பீடு பிரேக்கரில் வந்தது என்றால் ஸ்பீடு பிரேக்கரில்தான் ஓட்ட வேண்டும், பட்டறை வாசலில் ஒரு சுற்று போதாது. சிக்காவிட்டால் கோடு, நீ அளந்த வோல்ட், விளக்கு எப்போது எரிகிறது என்ற விவரம் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்து ஷோரூமுக்கு அனுப்பு.

இந்தச் சோதனைக்குக் கூலி வாங்கு. நம் ஊரில் மாற்றிய சாமானுக்குத்தான் காசு என்று ஆகிவிட்டது. அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள்கூட நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். பார்த்துச் சொல்வதற்கு இவ்வளவு என்று போர்டில் எழுதி மாட்டு. முதலில் முனகுவார்கள். அரை மணி நேரம் மீட்டரோடு நீ உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் கொடுப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்