காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பது வழக்கம். பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல். தானாக வந்து தானாகப் போகும். எது அப்படிப் போகாது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வீட்டிலிருப்பவரின் வேலை.

முதலில் அளந்து பாருங்கள். நெற்றியைத் தொட்டுச் சொல்வது நம்பகமானதல்ல. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் சத்தம் கேட்கும்வரை பொறுங்கள். வாயில் வைத்துப் பார்ப்பதானால் காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் (38 செல்சியஸ்) அதற்கு மேலும் காய்ச்சல். அக்குளில் ஒரு டிகிரி வரை குறைவாகவே காட்டும்.

அடுத்து, எழுதி வையுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கமே போதும்: தொடங்கிய நாள், நேரம், டிகிரி, கொடுத்த மருந்து, கடைசியாகச் சிறுநீர் போன நேரம். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை நாளா?” என்பதுதான். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அதன்பின் வேறு பரிசோதனை. நாள் கணக்குத் தப்பினால் எல்லாம் தப்பும்.

மருந்து என்றால் பாராசிட்டமால் மட்டும். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150. சிக்கல் பாட்டிலில்தான் இருக்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. லேபிளைப் படிக்காமல், போன முறை கொடுத்த அதே மூடி அளவைக் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். உடம்பு வலிக்கென்று டைக்ளோபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்கட்டும்.

டிகிரியை 98.6க்கு இறக்கியே தீரவேண்டும் என்பதில்லை. 102 இருந்தும் விளையாடும் பிள்ளையைவிட, 100 இருந்து துவண்டு கிடக்கும் பிள்ளைதான் கவலைக்குரியது. ஐஸ் தண்ணீரும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். கஞ்சி, ரசம், இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கட்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம். குடித்தாயிற்று என்பதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி முக்கியமான கட்டம். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் சட்டென்று இறங்கும். “விட்டுடுச்சு” என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்து. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வழக்கமில்லாத மயக்கமோ பதற்றமோ: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். உறவினர்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் போனில் விசாரிப்பார்கள். ரத்த அழுத்தமும், ரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதும் அதைவிட முக்கியம்.

சிலருக்குக் காத்திருப்பே கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தாலே உடனே டாக்டர். கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், முதியவர் ஆகியோரும் அன்றே பார்க்கட்டும்; முதியவருக்கு உடம்பு சுடாமலே தொற்று இருக்கலாம். கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் வயது பார்க்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மற்றவர்கள் மூன்றாம் நாளும் விடாவிட்டால் போகட்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ, கையில் சாவிக்கொத்தோ வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. அதற்குள் நின்றாலும், முதல் முறையென்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கிளம்புமுன் இரண்டு விஷயங்கள். தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல், புதர்ப் பக்கம் போனவரென்றால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். கூச்சப்படாமல் அதை டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும்.