இயந்திரம் செதுக்கும், மெருகே விற்கும்

வணிகர் கல்விப் பகுதி



பரிசுப் பொருள், பேன்சி சரக்கு, கைவினைப் பொருள் விற்கும் நம் உறுப்பினர் பலரது கடைகளில் இயந்திரத்தில் செதுக்கிய மரச் சரக்குகள் இடம் பிடித்துவிட்டன. டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கொலுவுக்கு வருவோர்க்குக் கொடுக்கும் சிறு சுவர்ப்பலகை எனப் பல வகை. சி.என்.சி. ரூட்டர் ஒரே கோலத்தை ஆயிரம் முறை செதுக்கும். உங்களுக்குச் செதுக்கிய அதே கோலத்தை அடுத்த ஊர்க் கடைக்காரருக்கும் செதுக்கித் தரும். பின் இரு கடைச் சரக்குக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? செதுக்கிய பிறகு செய்யும் வேலையில்தான். விலை ஏறுவதும் அங்கே. சரக்கு திரும்பி வருவதும் அங்கே. செதுக்கிய துண்டை வாங்கிக் கூலிக்கு வண்ணம் பூசுவோரும், முடித்த சரக்கையே கொள்முதல் செய்வோரும் அந்த வேலையின் படிகளை அறிந்திருத்தல் அவசியம்.

மரத்தைப் பாருங்கள்

மலிவுச் சரக்கு பெரும்பாலும் எம்.டி.எப். பலகையில் வருகிறது. இது மர நாரைப் பசையிட்டு அழுத்திய பலகை. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தாலும், செதுக்கிய பள்ளமும் வெட்டிய ஓரமும் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். சுவர்ப்பலகைக்கு இது போதும். கோஸ்டருக்கு வேண்டுமானால் ஓரம் முழுவதும் நன்றாக அடைத்திருக்க வேண்டும். ரப்பர் மரமும் தேக்கும் கோஸ்டருக்கு ஏற்றவை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்ட பின்பே பூச்சு பிடிக்கும்.

கோஸ்டரில் செதுக்கல் ஆழமாக இருத்தல் ஆகாது. ஆழமானால் டம்ளர் ஆடும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும்.

பிசிறும் அடிப்பூச்சும்

இயந்திரத்திலிருந்து வரும் துண்டில் பிசிறு இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படிந்து கிடக்கும் நார்கள் எழுந்து நிற்கும். உலர்ந்ததும் 180, 240, 320 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பள்ளத்துத் தூசியை பிரஷ் கொண்டு தட்டி எடுக்க வேண்டும். தூசியின் மேல் பூசிய வண்ணம் தூசியோடு உரிந்து வந்துவிடும்.

அடுத்து சாண்டிங் சீலர். வேலையாட்கள் மிகுதியும் விட்டுவிடும் படி இதுவே. சீலர் இல்லாமல் பள்ளத்தில் வண்ணம் இட்டால், அது மர ரேகை வழியே கசிந்து எழுத்தின் ஓரம் மை ஊறிய காகிதம்போல் ஆகிவிடும். தின்னர் கலந்த சீலரை மெல்லியதாக இரண்டு முறை பூசி, இடையில் 320 எண் தாளால் லேசாகத் தேய்ப்பது முறை. பின்புறத்துக்கும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகையின் மறுபக்கம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, பலகை வளையும்.

வண்ணம் இடுதல்

சீலர் காய்ந்தபின் பள்ளத்தில் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சாக இருமுறை இடலாம். வண்ணம் ஓரம் தாண்டினால் கவலை வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும், தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மேல்தளத்தைத் தேய்த்தால் வழிந்தது போய்விடும். பள்ளத்து வண்ணம் மட்டும் நிற்கும். எண்ணிக்கை மிகுந்த ஆர்டருக்கு வேறு வழி உண்டு. செதுக்கும் முன்பே பலகையின் மேல் ஒட்டுத்தாளைப் பரப்பி, அதன் மேலேயே செதுக்கச் செய்யலாம். பள்ளத்தில் சீலரும் வண்ணமும் தெளித்த பின் தாளை உரித்தால் வேலை முடிந்தது.

மேல்பூச்சு

சுவர்ப்பலகைக்கும் கோஸ்டருக்கும் ஒரே மேல்பூச்சு என்பது தவறான சிக்கனம். பலகை சுவரில் தொங்கும். கோஸ்டரோ சூட்டையும் தண்ணீரையும் நாள்தோறும் தாங்க வேண்டும். அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ் பலகைக்கு அழகு. ஆனால் ஈரமும் சூடும் பட்டால் அதில் வெள்ளை வளையம் விழும். கண்ணாடிபோல் மின்னும் ரெசின் பூச்சு இப்போது பெரிதும் விரும்பப்படுகிறது. சாதாரண ரெசின்களில் பல 50 - 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகத் தொடங்கும். நம் வீட்டுக் காபி அதைவிடச் சூடாகவே டம்ளரில் வருகிறது. கோஸ்டருக்கு ஏற்றது, ஹார்டனர் கலந்து பூசும் இருபகுதி பி.யூ. பூச்சு. டின்னில் குறித்த விகிதத்தை மாற்றாமல், அன்றைய வேலைக்குத் தேவையானதை மட்டுமே கலக்க வேண்டும். மீந்தது டப்பாவிலேயே இறுகிப்போகும்.

தெளிக்கும் இடத்தில் காற்றோட்டமும், அந்த ரசாயனத்துக்குரிய முகமூடியும் தேவை. தின்னர் ஆவி தீப்பற்றும் தன்மையுடையது. விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அருகில் கூடாது.

காயும் காலம்

தொட்டால் ஒட்டாத நிலை வேறு. உள்ளே இறுகிய நிலை வேறு. சில மணி நேரத்தில் கைக்கு ஒட்டாத பூச்சு முழுதும் இறுக ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அதற்குள் அடுக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டும். செய்தித்தாளில் சுற்றினால் அச்சு எழுத்து பூச்சில் பதியும்.

நம் பருவத்தையும் எண்ணிப் பாருங்கள். நவராத்திரி, தீபாவளி விற்பனை வரும் வேளையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் என்.சி. லேக்கர் பால்போல வெளுத்துவிடும். ஆகவே பண்டிகைச் சரக்கின் பூச்சு வேலை ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டும். தாமதமாக ஆர்டர் கொடுத்துவிட்டு, "நாளைக்கே வேண்டும்" என்று பூச்சுக்காரரை நெருக்கினால், காயும் நாளைக் குறைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் குறை உங்கள் கடைப் பெயரில்தான் வெளிவரும்.

கொள்முதல் சோதனை

மொத்தமாக வாங்குமுன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு துண்டுகளை எடுத்து இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கோஸ்டர் மேலும் ஓரத்திலும் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பலோ வெண்மையோ கூடாது.
2. கொதிக்கும் நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஒட்டவும் கூடாது, வளையம் விழவும் கூடாது.
3. செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென உரியுங்கள். வண்ணம் டேப்போடு வரக் கூடாது.
4. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள்.
5. இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஓர் இரவு விட்டுப் பிரித்துப் பாருங்கள்.

கணக்கு

உதாரணமாக ஒரு கோஸ்டருக்கு மரமும் செதுக்குக் கூலியும் 30 ரூபாய், பூச்சுப் பொருள் 8, கைவேலை 15, அடிப்பக்க பெல்ட் துணியும் பெட்டியும் 7 எனக் கொள்வோம். அடக்கம் 60 ரூபாய். நூறு கோஸ்டருக்கு 6,000. இதில் 12 கழிவானால் விற்கக்கூடியவை 88. உண்மை அடக்கம் 68 ரூபாய்க்கு மேல். இரண்டாவது சீலருக்கு ஒன்றுக்கு 2 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டுக் கழிவு 3 ஆகக் குறைந்தால், 6,200 ரூபாயை 97க்கு வகுக்க, அடக்கம் 64 ரூபாய்தான். மிச்சம் பிடிப்பதாக நினைத்து விட்ட 2 ரூபாய் 4 ரூபாயைக் கொண்டு போகிறது. இதில் திரும்பி வரும் சரக்கைச் சேர்க்கவில்லை. நான்கு கோஸ்டர் கொண்ட செட்டில் ஒன்று கெட்டாலும் வாடிக்கையாளர் செட்டையே திருப்புவார்.

பூச்சு வேலையைப் பல ஊர்களில் வீட்டிலிருந்தபடியே பெண்கள் துண்டுக் கணக்கில் செய்கிறார்கள். தேய்ப்புக்கும் சீலருக்கும் தனிக்கூலி குறித்துக் கொடுங்கள். கூலி இல்லாத படியே முதலில் விடுபடும்.

சட்டமும் நாணயமும்

வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. குழந்தைகள் கையில் எடுத்து வாயில் வைக்கும் பொருள் இது. விலை குறைவு என்று தொழிற்சாலைப் பெயின்ட்டை வாங்காதீர்கள். டின்னில் ஈயக் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் அடைத்து விற்றால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்க வேண்டிய இடம் ஆகியவை அச்சாக வேண்டும்.

இன்னொன்று. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. உளி பிடித்த கைகளின் உழைப்புக்குக் கிடைத்த பெயர் அது. ரூட்டரில் வந்த பலகைக்கு அப்பெயரைச் சூட்டுவது சட்டப்படியும் பிழை. அந்தக் கைவினைஞரின் வயிற்றில் அடிப்பதும் ஆகும். "இயந்திரச் செதுக்கல், கையால் வண்ணம்" என்று உள்ளதை உள்ளபடி அட்டையில் போடுங்கள். மெருகு நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் அதையும் மகிழ்ந்தே வாங்குவார். அடுத்த பண்டிகைக்கும் உங்கள் படியேறுவார்.

அடுத்த கொள்முதலுக்குப் புறப்படும்போது உங்கள் பையில் ஒரு செல்லோ டேப்பும் ஒரு வெள்ளைத் துணியும் இருக்கட்டும்.