கடித்தது நாய் இல்லையே என்பவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் மாட்டுக்கும் நாய்க்கும் மனிதருக்கும் ஒரே தெருதான். விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் பாவு நீட்டும்போது நாய் அதன் அடியில் புகுந்து ஓடும். கொஞ்சம் தள்ளிப் பசு அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்று இன்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேறு விலங்கு என்றால்தான் ஆளுக்கொரு பேச்சு.

“ரேபிஸ் நாய்க்கு வருகிற நோய்” என்பது பாதி உண்மை. பாலூட்டி எதற்கும் அது வரும்: பூனை, மாடு, ஆடு, குதிரை, குரங்கு, கீரி, நரி. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் 2024-இல் கடல்நாய்களுக்கே வந்தது. பல்லி, பாம்பு, கோழி, காகம் ஆகியவற்றால் மனிதருக்கு ரேபிஸ் வராது. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்குகிற நம் ஊர்க்காரர்கள் வீட்டுப் பல்லியைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். ஆனால் நம் நாட்டில் சங்கிலி தொடங்குவது நாயிடம்தான். மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நாயால் வருவது. மாட்டுக்கு வருவதும் பெரும்பாலும் வெறிநாய் கடித்துத்தான்.

எனக்கு அதிகம் கவலை தருவது மாடுதான். குனிந்து மோப்பம் பிடிக்கிற, முட்டப் போகிற மாட்டை நாய் மூக்கிலோ உதட்டிலோ கடித்துவிடுகிறது. சின்னக் காயம், யார் கண்ணிலும் படாது. பல வாரம் கழித்து மாடு தீவனத்தை விட்டுவிடுகிறது. எச்சில் நூலாக ஒழுகுகிறது, குரல் கம்முகிறது, ஓயாமல் கத்துகிறது, விழுங்க முடியவில்லை. “மாங்கொட்டை ஏதோ தொண்டையில அடைச்சிருக்கு, கொஞ்சம் பிடிங்க மாமா” என்று சொல்லிவிட்டு மாட்டுக்காரர் முழங்கை வரை வாய்க்குள் கையை விடுகிறார். அடைத்தது எதுவும் அங்கே இல்லை. வைரஸ் மூளைக்கு ஏறித் தொண்டை நரம்புகள் செயலிழந்திருக்கின்றன. எச்சில் முழுக்க அதே வைரஸ். விரலில் புல் அறுத்த கீறல் ஒன்று இருந்தால் அதுவே அதற்கு வாசல். மாடு கடிக்கவில்லையே என்பது இங்கே ஆறுதல் ஆகாது. அந்த எச்சில் காயத்தில் பட்டதா, வாய், கண், மூக்கின் ஈரத்தில் பட்டதா என்பதுதான் கேள்வி.

பிறகு மாடு செத்து, ரேபிஸ் என்று தெரிந்ததும், “அந்தப் பாலைக் குடித்தோமே!” என்று தெருவே ஆஸ்பத்திரிக்கு ஓடும். காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் பிழைக்காது. பால் குடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக உறுதியான சான்றும் இல்லை. நோய்கண்ட மாட்டின் பாலைக் கறக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அது வேறு விஷயம். பால் குடித்தவர்கள் வரிசையில் நிற்க, வாயில் கை விட்டவர் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் கொடுமை. முதலில் போக வேண்டியவர் அவர்.

“தண்ணீர் வைத்துப் பார்த்தேன், பயப்படவில்லை, வெறி இல்லை.” இந்தச் சோதனையை உடனே விட்டுவிடுங்கள். தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் முற்றிய மனிதரிடம் காணும் அறிகுறி. வெறிநாய் தண்ணீரில் இறங்கவும் செய்யும்.

சோளிங்கர் மலைப்படியில் குரங்கு கையைப் பிறாண்டிவிட்டால், “சாமி குரங்கு, ஒன்றும் செய்யாது” என்று குங்குமம் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. பக்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். “பத்து நாள் பார்ப்போம்” என்ற கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே உரியது. எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கிய நாய் பத்து நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது என்பதால் வந்த கணக்கு அது. குரங்குக்கும் மாட்டுக்கும் செல்லாது. நாய் விஷயத்திலும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் பாட்டி காலத்துக் கதை அல்ல, அன்று உண்மைதான். ஆட்டு மூளையில் வளர்த்த வைரஸைக் கொண்டு செய்த மருந்து அது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் தயாரித்தது. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004 இறுதியோடு நின்றுபோனது. இன்று கைத்தோலில் போடும் சிறிய ஊசிதான்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. ஆழமான காயத்துக்கு, காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2024-இல் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய 4.8 லட்சம் பேர்; ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். நோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

ஊரிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வைரஸ் நாய்களுக்குள் சுற்ற முடியாமல் அடங்கும். பட்டியில் நிற்கும் மாட்டுக்கும் அதுவே காவல், ஒரு மாடு இன்னொரு மாட்டைக் கடித்து நோயைக் கடத்துவது அபூர்வம் என்பதால். மெக்சிகோ இப்படித்தான் நாய்வழி மனித ரேபிஸை ஒழித்து 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது. வீட்டு நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். தெருநாய் உங்கள் மாட்டைக் கடித்ததைப் பார்த்தால், எச்சில் ஒழுகும் வரை காத்திராமல் அன்றே காயத்தைக் கழுவிக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள். கடிபட்ட மாட்டுக்கும் ஊசி உண்டு.